வெளிக்குப் போகுதுதானே என்று விட்டுவிட்டோம்

அம்மாவுக்கு 79 வயது. வெள்ளவத்தையில் எங்களோடுதான் இருக்கிறா. போன ஐப்பசியில் ஒருநாள் காலை, இடியப்பத்தில் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டா. வயிறு பிடித்துப் பிடித்து விடுகிறதாம். இரண்டு தரம் சத்தி. டிஸ்பென்சரி டொக்டர் கேட்டார்: "வெளிக்குப் போகுதா? காற்றுப் பிரியுதா?" இரண்டும் ஓம். அப்ப குடல் அடைபடவில்லை, காஸ்ட்ரைட்டிஸ், இரைப்பை அழற்சிதான் என்று குளிசை தந்தார்.

மூன்றாம் நாள் இரவு உடம்பு துடைத்துவிடும்போதுதான் கண்டேன். வலது கவட்டு மடிப்புக்குக் கீழே, தொடை தொடங்கும் இடத்தில், நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. தோல் சிவந்திருந்தது. தொட்டதும் கையைத் தட்டிவிட்டா.

"அது கனகாலமாய் வந்து வந்து போறதுதான் பிள்ளை."

ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டது, கட்டியை உள்ளே அமுக்கிப் பார்த்தீர்களா என்று. நல்லவேளை, இல்லை. கட்டிக்குள் இருப்பது சிக்கின குடலாய் இருக்கலாம், செத்த குடல் உள்ளே போனால் வயிற்றுக்குள்ளேயே வெடித்துவிடுமாம். சேலைன், மூக்கால் குழாய், சிடி ஸ்கான் எல்லாம் விடியுமுன் முடிந்தன.

சேர்ஜன் ஒரு தாளில் வட்டம் போட்டு, அதன் ஓரத்தை மட்டும் கிள்ளி இழுத்ததுபோல் வரைந்து காட்டினார். குடற்சுவரில் ஒரு பக்கம் மட்டும் தொடைப் பக்கத்து ஓட்டைக்குள் அகப்பட்டிருக்கிறது, மற்றப் பக்கத்தால் பாதை திறந்தே கிடக்கிறது. அதனால்தான் மலமும் காற்றும் போய்க்கொண்டிருந்தன. அகப்பட்ட துண்டோ இரத்தமில்லாமல் அழுகத் தொடங்கிவிட்டது. ரிக்டர் ஹேர்னியா (ஹேர்னியா என்றால் குடலிறக்கம்) என்று பெயர், 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரின் பெயர்தான். தொடைப் பக்க ஹேர்னியா வயதான பெண்களில் கூடுதலாம். அந்த வாசல் இறுக்கமானது, சிக்கினால் நெரித்துவிடும்.

கறுத்த துண்டை வெட்டி, குடலைப் பொருத்தினார்கள். ஓட்டையை மூட வலை வைக்கவில்லை. அழுகல் இருந்த இடத்தில் கிருமி பற்றும் என்று நூலாலேயே தைத்தார்கள். அடுத்த இரண்டு இரவும் அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்தா, மாட்டை அவிழ்த்துக் கட்டச் சொல்லி என்னை ஏசினா. மயக்க மருந்தும் வயதும் சேர்ந்தால் அப்படி வருமாம். எனக்கு ஒப்பரேஷனைவிட அதுதான் பயம். நாலாம் நாள் காற்றுப் பிரிந்தது, பிளேன்ரீ கேட்டா.

வீட்டுக்கு வந்தபின் ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்டை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனேன், கோபத்தோடுதான். டொக்டர் இரண்டு தரம் வாசித்தார்.

"இப்படி ஒரு கட்டி இருக்கெண்டு அம்மா ஏன் சொல்லேல்ல?"

"நீங்கள் ஏன் சீலையைத் தளர்த்திப் பார்க்கேல்ல, டொக்டர்?" என்றேன்.