பென்னிகுவிக் என்று ஒரு பேர்

என் பெயர் பென்னிகுவிக். இனிஷியல் மு. அப்பா முத்தையா. ஊர் உத்தமபாளையத்துக்குப் பக்கம். கம்பம் பள்ளத்தாக்கில் இதைச் சொன்னால் யாரும் புருவத்தை உயர்த்த மாட்டார்கள். "அட, தாத்தா பேரு" என்பார்கள். ஆண்டிப்பட்டிக் கணவாயைத் தாண்டிவிட்டால் கதை வேறு. "பென்னி... என்ன? திரும்பச் சொல்லுங்க சார்" என்று ஆரம்பித்து, கடைசியில் "கிறிஸ்டியனா?" என்று முடியும். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கேள்விதான். எங்கள் குலசாமி கருப்பசாமி என்று சித்தப்பா விளக்கியதும், "அப்புறம் எதுக்கு வெள்ளைக்காரன் பேரு?" என்றார் பெண்ணின் தாய்மாமன். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாகத்தான் இந்தப் பதிவு.

ஜான் பென்னிகுவிக், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பிரிட்டிஷ் ராணுவ எஞ்சினியர். 1841 ஜனவரி 15 அன்று பூனாவில் பிறந்தவர். அப்பாவும் ராணுவக்காரர். 1849-ல் சில்லியன்வாலாப் போரில் அந்த அப்பாவும் பதினேழு வயது அண்ணனும் ஒரே நாளில் இறந்துபோனார்கள். நம் ஆளுக்கு அப்போது எட்டு வயதுகூட நிறையவில்லை. பிற்பாடு சென்னை மாகாணத்தில் வேலை பார்த்தபோது 1882-ல் பெரியாற்றுத் திட்டம் அவர் கைக்கு வந்தது.

மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்றை மலைக்குள் அணை போட்டுத் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, வைகைக்குக் கொண்டுவருவதுதான் திட்டம். 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் தென்மாவட்டங்களை உலுக்கிப் போட்ட பிறகு, இதைச் செய்தே ஆகவேண்டும் என்றானது. 1886-ல் திருவிதாங்கூர் மகாராஜாவோடு 999 வருஷக் குத்தகை ஒப்பந்தம். 8000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷத்துக்கு 5 ரூபாய். 1887-ல் வேலை தொடங்கியது. காட்டு மழையும் வெள்ளமும் கட்டியதை அடித்துக்கொண்டு போயின. காய்ச்சலும் காலராவும் கூலியாட்களை அள்ளிக்கொண்டு போயின. சிமென்ட் இல்லை. சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் தூளும்தான். 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கம் இருபோகம்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பலாம் என்ற யோசனை வெள்ளைக்காரனுடையது இல்லை. சுமார் நூறு வருஷம் முன்னாலேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி, அதாவது தலைமை மந்திரி, முத்திருளப்பப் பிள்ளை இந்த மலையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கஜானா இடம் கொடுக்கவில்லை. அவரை நினைத்து யாரும் பிள்ளைக்குப் பேர் வைத்து நான் பார்த்ததில்லை. யோசித்தவனை விட்டுவிட்டு முடித்தவன் பேரைத்தான் ஊர் பிடித்துக்கொள்கிறது. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

சரி, பேருக்கு வருவோம்.

எங்கள் வீட்டில் முதல் ஆண்பிள்ளைக்குக் கருப்பையா, முத்தையா என்று மாறி மாறி வரும். முறைப்படி நான் கருப்பையாவாக இருந்திருக்க வேண்டும். 1979-ல் கேரளா பாதுகாப்பைக் காரணம் காட்டியதும் அணையின் நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைத்தார்கள். அதன்பிறகு ஊரில் அணைப் பேச்சு ஓயவே இல்லையாம். கூட்டம், மனு, ஊர்வலம் என்று அப்பா அலைந்துகொண்டிருந்த காலத்தில் நான் பிறந்தேன். அப்பத்தாவிடம் பேரைச் சொன்னதும், "என்னய்யா பேரு இது, வாய்க்குள்ளயே நுழைய மாட்டேங்குது" என்றிருக்கிறார். "அவரு தண்ணி விடலேன்னா நம்ம வாய்க்குள்ள சோறே நுழைஞ்சிருக்காது ஆத்தா" என்று அப்பா சொன்னதாக வீட்டில் இன்றும் சொல்வார்கள். அப்பத்தா கடைசிவரை என்னைக் கருப்பா என்றுதான் கூப்பிட்டார்.

என் வயதுக்காரர்களில் இந்தப் பேர் அபூர்வம். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஜோடியே இல்லை. இப்போது ஊர்ப்பக்கம் போனால் சின்னப் பையன்களிடம் இந்தப் பேர் அடிக்கடி காதில் விழுகிறது. 2011 கடைசியில் கேரளாவின் புது அணைப் பேச்சு பெரிதானபோது கம்பத்திலிருந்து குமுளி எல்லையை நோக்கி ஆயிரக்கணக்கில் ஜனங்கள் நடந்தார்களே, அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இவர்கள். 2013 பொங்கல் சமயத்தில் லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் திறந்தார்கள். தேனி புது பஸ் ஸ்டாண்டுக்கும் அவர் பேர் வந்தது. 2014-ல் 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அணைக்குச் சிக்கல் வரும்போதெல்லாம் பேருக்கு மவுசு கூடுகிறது. கணக்கெடுத்துச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

அவருடைய பிறந்தநாள் பொங்கலோடு சேர்ந்து வருவது அவருக்கு அடித்த யோகம். பாலார்பட்டியில் அன்றைக்குப் பென்னிகுவிக் பொங்கல் என்றே வைக்கிறார்கள். கொட்டு மேளம், பானை, கரும்பு, குலவை. நடுவில் மீசை வைத்த வெள்ளைக்காரர் படம், நெற்றியில் சந்தனம், கழுத்தில் சாமந்தி மாலை. லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் வெண்கலச் சிலைக்கு மாலை போட வரிசை நிற்கும். ஒருமுறை எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் மாலையைப் போட்டுவிட்டு, மடியிலிருந்து ஒரு பிடி நெல்லை எடுத்துச் சிலையின் காலடியில் வைத்தார். "இது எந்த வயல் நெல்லுங்கய்யா?" என்றேன். "சின்னமனூர், தலைவாய்க்கா" என்றவர் என் பேரைக் கேட்டார். சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த வருசம் ரெண்டாம் போகத்துக்குத் தண்ணி பத்தலப்பா" என்றார், ஷட்டர் சாவி என்னிடம் இருப்பது மாதிரி.

சொத்தையும் மனைவியின் நகையையும் விற்று அணை கட்டினார் என்ற கதையைச் சொல்லாமல் எங்கள் ஊரில் யாரும் இந்தப் பேரை விளக்குவதில்லை. நானும் சின்ன வயதில் அழுதுகொண்டே கேட்டிருக்கிறேன். ஆனால் கட்டியது சென்னை மாகாண அரசாங்கத்தின் பணத்தில். நகையை விற்றதற்கு ஆவணத்தை யாரும் எனக்குக் காட்டியதில்லை. ஒரு பேர் இத்தனை வருஷம் நிற்க அந்தக் கதை தேவையே இல்லை என்பது என் கட்சி. எட்டு வருஷம் அந்தக் காட்டில் கிடந்து வேலையை முடித்தாரே, அது போதாதா?

லெனின், ஸ்டாலின், நெப்போலியன் எல்லாம் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். பென்னிகுவிக் அப்படி இல்லை. பெரியாற்றுத் தண்ணீர் பாயும் தேனி, மதுரை பக்கத்தைத் தாண்டினால் ஆள் கிடைப்பது கஷ்டம். இங்கிலாந்திலும் கிடைக்க மாட்டான். ஏனென்றால் அங்கே இது குடும்பப் பேர். போன வருஷம் எங்கள் கம்பெனியின் லண்டன் ஆபீஸ் ஆளோடு வீடியோ காலில் பேசும்போது அவர், "இது உங்க குடும்பப் பேர் சரி, உங்க பேர் என்ன?" என்றார். "இதுதான் என் பேர்" என்றேன். "அப்போ குடும்பப் பேர்?" "மு." அவர் சிரித்துவிட்டு, ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குத் தெற்கே அதே பேரில் ஒரு ஊர் இருக்கிறது, அதிலிருந்துதான் இந்தக் குடும்பப் பேர் வந்தது என்றார். குயில் மேடு என்று அர்த்தமாம். அந்த ஊரை உச்சரிப்பது 'பென்னிகுக்' என்று. எங்கள் டீக்கடைப் பெரியவர்கள் பலரும் அப்படித்தான் சொல்வார்கள். அவர்களைத் திருத்திக்கொண்டிருந்த என் தமிழாசிரியருக்கு இதை எப்படியாவது சேர்க்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், அவருக்கென்று வைத்த பேர் ஜான். நன்றிக்காகப் பிள்ளைக்கு ஜான் என்று பேர் வைத்த ஒருவரையும் எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. ஜான் எல்லா ஊரிலும் இருப்பார், பென்னிகுவிக் ஒருத்தர்தான். 1911-ல் அவர் இறந்து, சர்ரேயில் ஃபிரிம்லி தேவாலயத்தில் அடக்கமானார். பக்கத்திலிருக்கும் கேம்பர்லியில் 2022-ல் தமிழ்நாடு அரசு அவருக்குச் சிலை வைத்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தப் பேரை முதலில் சொல்லிக்கொடுத்தது நாமாகத்தான் இருக்கும் என்று அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு ஏகப் பெருமை.

இந்தப் பேரை வைக்கப்போகிறவர்களுக்கு அனுபவஸ்தனாக ஒன்று. தமிழில் பென்னிகுவிக், பென்னிக்குயிக், பென்னிகுக் என்று எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், ஊர் புரிந்துகொள்ளும். இங்கிலீஷில் மட்டும் பிறப்புச் சான்றிதழில் போடும் எழுத்தையே கடைசிவரை போடுங்கள்: பி, இ, என், என், ஒய், சி, யு, ஐ, சி, கே. என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒரு என், ஆதாரில் இரண்டு என், பான் கார்டில் சி-க்குப் பதிலாக கியூ. பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது மூன்று பேரும் நான்தான் என்று நோட்டரியிடம் அபிடவிட் வாங்க வேண்டியதாகிவிட்டது.