மேல்தட்டில் என்ன இருக்கிறது?

பணியிடங்களில் முதலுதவிப் பெட்டிகளைச் சரிபார்ப்பவர்களுக்கு ஒரு காட்சி மிகவும் பழக்கம். மூடியைத் திறந்தால் பிளாஸ்டர் அட்டை காலியாக இருக்கும். பாரசிட்டமால் பட்டையில் ஒன்றிரண்டு மாத்திரை மிஞ்சியிருக்கும். அதற்குக் கீழே, வாங்கிய நாளில் வைத்தபடியே பழுப்பேறிய பஞ்சுருண்டை, பசை காய்ந்த டேப், தேதி கடந்த களிம்பு. அன்றாடம் வேண்டியது தீர்ந்துபோயிருக்கும். என்றைக்கோ வேண்டியது கெட்டுப்போயிருக்கும். ஆனாலும் சுவரில் பெட்டி தொங்குகிறது என்ற நிம்மதி எல்லோருக்கும் இருக்கும்.

அலட்சியம் இதற்குப் பாதிக் காரணம்தான். மீதி, பெட்டியைத் தேர்ந்தெடுத்த விதம். அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் பொருள்களின் எண்ணிக்கையைப் பார்த்து வாங்கிவிடுகிறோம். பிரித்து எண்ணினால் அதில் பெரும்பங்கு சின்னப் பிளாஸ்டர்களும் ஸ்பிரிட் துடைப்பான்களுமாக இருக்கும். ரத்தம் பெருகும் காயத்தை அழுத்திப் பிடிக்கத் தேவையான 10 செ.மீ. சதுர காஸ் துணி இரண்டோ மூன்றோ இருந்தால் அதிகம். எத்தனை பொருள் என்பதை விட்டுவிட்டு, இந்த இடத்தில் வாரத்துக்கு ஒருமுறை என்ன நடக்கிறது, வருடத்துக்கு ஒருமுறை என்ன நடக்கக்கூடும் என்று கேட்க வேண்டும்.

வணிகமுறையில் வந்த முதல் முதலுதவிப் பெட்டியே அப்படி ஒரு தொழிலை மனதில் வைத்துப் பிறந்ததுதான். 1888-இல் அமெரிக்காவின் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் அதை ரயில்பாதைத் தொழிலாளர்களுக்காகத் தயாரித்தது. மருத்துவர் எட்டாத தூரத்தில் கை கால் நசுங்கியவர்களுக்கான பெட்டி அது. அதே பெட்டியை ஒரு சமையற்கூடத்தில் மாட்டினால் பாதிப் பொருள் தூங்கும்.

தன் இடத்துக்கு ஏற்றபடி பெட்டியை மாற்றிக்கொள்ள நல்ல வழி ஒரு சின்ன நோட்டு. பெட்டி திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் தேதி, என்ன காயம், எதை எடுத்தார்கள் என்று ஒரு வரி. மூன்று மாதம் எழுதினால் போதும், பட்டியல் தானாக வந்துவிடும். மரவேலை நடக்கும் இடத்தில் சிலாம்பும் கண்ணில் தூசியும்தான் திரும்பத் திரும்ப வரும். அங்கே முனை கூரான நல்ல சாமணம் ஒன்று பத்து வகைக் களிம்புக்குச் சமம். அலுவலகத்தில் படிக்கட்டுச் சுளுக்கு, தலைவலி, சர்க்கரை இறங்கி வரும் மயக்கம். உணவு தயாரிக்கும் இடத்தில் விரல் வெட்டும் சூடும். அங்கே பிளாஸ்டர் நீல நிறத்தில் இருக்க வேண்டும், கழன்று உணவில் விழுந்தால் கண்ணில் பட. உலோகம் கண்டறியும் கருவி உள்ள ஆலைகளில் உள்ளே மெல்லிய உலோக இழை வைத்த பிளாஸ்டரே வாங்குகிறார்கள்.

ரசாயனம் கையாளும் இடத்தில் ஒரு தவறான நம்பிக்கையைக் கட்டாயம் உடைக்க வேண்டும். 20 மி.லி. சலைன் (உப்புநீர்) குப்பி கண்ணில் விழுந்த தூசிக்குப் போதும்; அமிலமோ காரமோ தெறித்தால் போதவே போதாது. அதற்கு 15 முதல் 20 நிமிடம் இடைவிடாமல் ஓடும் தண்ணீர் வேண்டும். குப்பி சில நொடிகளில் தீர்ந்துவிடும். அங்கே முதலுதவி என்பது கண் கழுவும் குழாய்தான். அதற்குப் போகும் வழியில் அட்டைப்பெட்டிகளை அடுக்காமல் இருப்பதும் அதில் சேர்த்தி.

ஒரு வெட்டுக்காயத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால், பெட்டியை எப்படி அடுக்குவது என்பது விளங்கிவிடும். அடிபட்டவர் ஒரு கையால் இன்னொரு கையை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்பார். உதவ வந்தவரின் கை ஈரமாகவோ கையுறைக்குள்ளோ இருக்கும். காஸ் பாக்கெட்டின் ஓரம் வழுக்கும். கடைசியில் பல்லால் கிழிப்பார்கள், சுத்தமான துணி தரையில் விழும். இதனால்தான், இரண்டு பக்கமும் பிடித்து உரிக்க மடல் உள்ள, தனித்தனியாக உறையிட்ட காஸாகப் பார்த்து வாங்கச் சொல்கிறோம். காயத்தின் மேல் வைத்து 10 நிமிடம் கையை எடுக்காமல் அழுத்த வேண்டும். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். நின்றுவிட்டதா என்று ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்ப்பார்கள். உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு பிய்ந்து வந்து மறுபடி பெருகும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்றை வைக்க வேண்டும். ஆக, சாதாரணமான ஒரே ஒரு வெட்டு நான்கைந்து காஸ் தின்னும். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் 10 பாக்கெட்டுக்குக் குறையக்கூடாது என்பது எங்கள் கணக்கு, கூடவே 7.5 செ.மீ. சுருள் கட்டுத்துணி நான்கு, 10 செ.மீ. க்ரீப் பேண்டேஜ் இரண்டு, முக்கோணத் துணி இரண்டு.

கட்டுப் போட்டதும் அந்தக் கையின் விரல் நகத்தை அழுத்தி விட்டுப் பாருங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் பழையபடி சிவக்காவிட்டால் கட்டு இறுக்கம், தளர்த்த வேண்டும். பஞ்சைத் திறந்த காயத்தில் நேரடியாக வைக்கக்கூடாது, இழைகள் உள்ளே ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியோடு சேர்த்து நல்ல திசுவையும் அரிக்கும். சிராய்ப்புக்குக் குழாய்த் தண்ணீரும் சுற்றிலும் சோப்பும் போதும்.

அழுத்தியும் நிற்காமல் கையிலோ காலிலோ ரத்தம் பீறிட்டால் டூர்னிக்கெட், அதாவது ரத்த ஓட்டத்தை நிறுத்த இறுக்கும் பட்டை. பயிற்சி பெற்றவர் இருந்தால் மட்டுமே அதைப் பெட்டியில் வைப்பதில் பொருள் உண்டு. காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டைத் தவிர்த்து, அகலமான பட்டையால் இறுக்க வேண்டும். மெல்லிய கயிறு சதையை அறுக்குமே தவிர ரத்தத்தை நிறுத்தாது. இறுக்கிய நேரத்தைத் தெரியும்படி எழுதிவைக்க வேண்டும், அதனால் பெட்டியில் ஒரு மார்க்கர் பேனா.

விரல் மூட்டில் போட்ட பிளாஸ்டர் அரைமணி நேரம்கூட நிற்பதில்லை என்ற குறை எல்லா இடத்திலும் கேட்பது. துணி வகைப் பிளாஸ்டரை எடுத்து, நடுவில் இருக்கும் திண்டைத் தொடாமல், இரண்டு சிறகையும் நீளவாக்கில் கத்தரித்தால் நான்கு வால் கிடைக்கும். இரண்டு வாலை மூட்டுக்கு மேலேயும் இரண்டைக் கீழேயும் சுற்றி ஒட்டினால் விரலை மடக்கினாலும் இழுபடாது. இதற்காகவே முனை மழுங்கிய, நன்றாக வெட்டும் கத்தரிக்கோல் வேண்டும். ஆயத்தப் பெட்டிகளில் வரும் பிளாஸ்டிக் பிடிக் குட்டிக் கத்தரி காகிதத்தைக்கூடச் சரியாக வெட்டாது. முதலில் மாற்ற வேண்டிய பொருள் அதுதான்.

தீக்காயத்துக்குப் பெட்டியைவிடக் குழாய் முக்கியம். மோதிரம், கடிகாரத்தை உடனே கழற்றிவிட்டு, ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம். சூடு பட்ட மூன்று மணி நேரத்துக்குள் என்றால் தாமதமாகச் செய்தாலும் பலன் உண்டு. பனிக்கட்டி, பற்பசை, எண்ணெய் எதுவும் வேண்டாம். பிறகு மூட, சமையலறையில் உணவைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் அருமையான பொருள். காயத்தில் ஒட்டாது, காயமும் வெளியே தெரியும். முதல் சுற்றைக் கிழித்து எறிந்துவிட்டு அடுத்ததை நீளவாக்கில் மேலே படர விட வேண்டும். சுற்றிக் கட்டினால், வீக்கம் வரும்போது இறுக்கிவிடும்.

மாத்திரைகளைக் காயப் பொருள்களோடு கலக்காமல் தனி உறையில், தேதி தெரியும் அட்டையோடு வையுங்கள். பாரசிட்டமால் 500 மி.கி. என்றால் பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் கூடாது, இடையில் குறைந்தது 4 மணி நேரம். பல சளி மாத்திரைகளுக்குள்ளும் இதே மருந்து இருப்பதால், தெரியாமல் இரட்டிப்பாகப் போய்விடும். சர்க்கரை இறங்கியவர் நினைவோடு இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். குளுக்கோஸை முன்கூட்டியே நிறுத்துப் பொட்டலமாகப் போட்டால் அவசரத்தில் கரண்டி தேட வேண்டாம். நினைவில்லாதவர் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது. ஓ.ஆர்.எஸ். (நீரிழப்புக்கான உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவில் முழுவதையும் கரைக்க வேண்டும். பாதியைத் தம்ளரில் தட்டிக் கலக்கினால் உப்பின் அளவு தவறும். கரைத்தது 24 மணி நேரத்துக்குமேல் வேண்டாம்.

அடுக்கும் முறையில் எங்களுக்கு விட்டுக்கொடுக்க மனமில்லாத ஒன்று உண்டு: மூடியைத் திறந்ததும் கண்ணில் படுவது இரண்டு ஜோடி கையுறை. இயற்கை ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களை நினைத்து, அது கலக்காத நைட்ரைல் வகை. அதற்கடுத்து, உள்ளே இருப்பது தெரியும் பைகளில் 'ரத்தம்', 'சூடு', 'சுளுக்கு' என்று எழுதி வைத்தது. பிளாஸ்டர் மட்டும் பெட்டிக்கு வெளியே தனி டப்பாவில் இருக்கட்டும். அன்றாடத் தேவைக்காகப் பெட்டியைக் குடைவதால்தான் மற்றவை இடம் மாறுகின்றன. வெளியே ஒட்டும் அடையாளம் பச்சையில் வெள்ளைச் சிலுவை. வெள்ளையில் சிவப்புச் சிலுவை ஜெனீவா ஒப்பந்தங்களால் பாதுகாக்கப்பட்ட சின்னம், பெட்டிக்கு உரியதல்ல.

குளியலறை ஈரமும் வெயிலில் நிற்கும் வண்டியின் சூடும் பசையையும் கையுறையையும் கெடுக்கும். உறை ஈரம்பட்டாலோ கிழிந்தாலோ, தேதி இருந்தாலும் அது தூய துணி அல்ல. பெட்டிக்குப் பூட்டு போடவே கூடாது. சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருக்கும் நாளில்தான் அது தேவைப்படும். பூட்டுக்குப் பதிலாக மூடியின் குறுக்கே ஒரு காகிதப் பட்டை ஒட்டி, சரிபார்த்த தேதியை அதில் எழுதினால் போதும். மாதம் ஒருமுறை பார்க்கிறவர் பட்டை கிழிந்திருந்தால் எல்லாவற்றையும் எண்ண வேண்டும். கிழியாமல் இருந்தால், மூடியின் வெளிப்பக்கம் எழுதியிருக்கும், அடுத்து காலாவதியாகப் போகும் மூன்று பொருள்களின் தேதியை மட்டும் பார்க்கலாம்.