கத்தரிக்காய்ப் படத்துக்கு முன்னால்

தலைமையாசிரியை ஒரு படத்தை எடுத்து மேசையில் வைக்கிறார். நல்ல ஊதாக் கத்தரிக்காய். "இது என்ன குஞ்சு?" பிள்ளைக்கு விடை தெரியும். "எக்பிளான்ட்!" என்று சந்தோஷமாகச் சொல்கிறது. அறையில் இருக்கிற பெரியவர்கள் சிரிக்கிறார்கள். அன்பான சிரிப்புத்தான், ஆனால் ஐந்து வயதுக்கு அது விளங்காது. அடுத்த படத்துக்குப் பிள்ளை வாயே திறக்காது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்க்கும்.

ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிவந்து குடியிருக்க நினைக்கும் குடும்பங்களுக்கு முதல் அடி விழுகிற இடம் இதுதான். தாய் தகப்பனுக்கு இது ஊர். பிள்ளைக்கு இதுதான் வெளிநாடு. இந்த ஒன்றை மறந்துவிட்டுப் பள்ளிக்கூடம் தேடினால் எல்லாம் பிழையாகிவிடும்.

முதலில் வயதுக் கணக்கு. இங்கே தரம் ஒன்றுக்கு, சேரும் ஆண்டின் ஜனவரி 31இல் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் ஆறு வயதாகும் ஆண்டின் செப்ரெம்பரில்தான் தரம் ஒன்று. இங்கிலாந்தில் ஐந்து வயது முடிந்து வருகிற செப்ரெம்பரில் முதலாம் ஆண்டு. 2021 பெப்ரவரியில் பிறந்த பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் 2026 செப்ரெம்பர், யாழ்ப்பாணத்தில் 2027 ஜனவரி, ரொறன்ரோவில் 2027 செப்ரெம்பர். அதே பிள்ளை ஒரு மாதம் முந்தி ஜனவரியில் பிறந்திருந்தால் இங்கே 2026 ஜனவரியிலேயே சேர்ந்திருக்கும். ரொறன்ரோவை விட இருபது மாதம் முன்னுக்கு. கனடாவில் பாலர் வகுப்பில் மண் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை, வயதைப் பார்த்தால் இங்கே தரம் இரண்டில் இருக்க வேண்டும் என்று வந்து நிற்கும். எழுத்து சொல்லிக்கொடுக்கிற வகுப்பையே தாண்டி உட்கார்த்தி வைத்தால் அந்தப் பள்ளம் நிரம்ப வருடக்கணக்காகும். வகுப்பை ஒரு படி இறக்கிக் கேளுங்கள். "என்ர பிள்ளை பின்தங்கிப் போகுமே" என்று கவலைப்படுகிற இடமில்லை இது.

தனியார் பள்ளிக்கூடம் ஏன் என்று கேட்கிற சித்தப்பாமார், மாமாமார் இருப்பார்கள். "நீ படிச்ச பள்ளிக்கூடம் இருக்கத்தக்கதா ஏன் காசு குடுக்கிறாய்?" நியாயமான கேள்வி. 1945இலிருந்து இலவசக் கல்வி உள்ள நாடு. ஆனால் பேர்பெற்ற அரச பாடசாலைகளில் தரம் ஒன்று இடங்கள் சுற்றறிக்கைப்படி பிரிபடுகின்றன: அருகில் குடியிருப்போருக்கு 50 சதவீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, சகோதரர் படித்தால் 15. வெளிநாட்டிலிருந்து பிள்ளையோடு திரும்பியோருக்கு 1. குடியிருப்புப் பிரிவில் வாக்காளர் இடாப்பில் வருடக்கணக்காகப் பெயர் இருப்பதற்குப் பெரிய பங்கு. பத்து வருடம் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்தவரின் பெயர் அதில் எப்படி இருக்கும்?

அதனால் கண் தனியார் பக்கம் போகிறது. அங்கே இரண்டு வகை. 1960, 1961 சட்டங்களால் உதவி பெற்ற பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவை அரசிடம் போனபோது தனித்து நின்ற பழைய மிஷன் பள்ளிக்கூடங்கள் ஒரு வகை. 1823இல் தொடங்கிய பரி. யோவான் கல்லூரி, 1824இன் உடுவில் மகளிர், 1896இன் சுண்டுக்குளி மகளிர், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி எல்லாம் இந்த வகை. இவற்றில் அரச பாடத்திட்டம்தான் ஓடும். மற்றது சர்வதேசப் பாடசாலைகள். ஐந்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்க 1961ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே இவை கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவாகி, ஆங்கிலத்தில் நடக்கின்றன. மற்றப் பள்ளிக்கூடங்களைப் போல கல்வித் திணைக்களம் வந்து பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. எந்தப் பாடத்திட்டம், எந்தப் பரீட்சை, ஆசிரியர் எங்கே பயிற்சி பெற்றவர், ஒரு வகுப்பில் எத்தனை பேர், போன வருடம் எத்தனை ஆசிரியர் மாறினார்கள் என்பதெல்லாம் பெற்றோரே கேட்டறிய வேண்டியவை.

மொழியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். பிள்ளை ஆங்கிலம் பேசுகிறது, ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் விட்டால் அழாமல் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் மூன்று மாதம் அது சரிதான். பிறகு? யாழ்ப்பாணத்தின் நடுவில் இருந்துகொண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு கிளித்தட்டு விளையாடத் தெரியாமல், கடைக்காரர் சொல்லும் மிச்சக் காசு விளங்காமல், அம்மம்மாவின் கதைக்குத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு ஒரு பிள்ளை வளரும். அந்தக் கதைக்காகத்தானே வீட்டை விற்றுவிட்டு வந்தது! தரம் ஆறிலிருந்து சில பாடங்களை ஆங்கில மொழி மூலம் படிக்கப் பல பள்ளிக்கூடங்களில் வழி இருக்கிறது. ஆகவே தமிழில் தொடங்கிய பிள்ளை பிறகு ஆங்கிலத்துக்குப் போகலாம். ஆங்கிலத்தில் தொடங்கிய பிள்ளை தரம் ஆறில் தமிழ் வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்து ஒரு பந்தியை முடிக்காது. இரண்டு வருடத்தில் திரும்பிப் போவது உறுதி என்றால் ஆங்கிலப் பள்ளிக்கூடம் பொருத்தம். இருக்கத்தான் வந்தோம் என்றால் தமிழ் மொழி மூலம்தான்.

தமிழில் எங்கே சறுக்கும் என்றும் சொல்ல வேண்டும். பலர் நினைப்பதுபோல் ழகரத்திலல்ல, உகர வரிசையில். ஆனா, ஆவன்னாவைப் பிள்ளை ஒரு மாதத்தில் பிடித்துவிடும். ஆகாரத்துக்கு எல்லா எழுத்திலும் அரவு ஒன்றுதான். ஆனால் கு, சு, டு, து, நு, மு, வு என்று எழுதிப் பாருங்கள். ஒன்றில் வால் சுற்றும், ஒன்றில் கீழே இறங்கும், ஒன்றில் காலோடு ஒட்டும். ஒலி ஒன்று, கோடு பல. இருபத்தாறு எழுத்தோடு வந்த பிள்ளை இங்கேதான் பென்சிலை வைத்துவிட்டு அழும். இதற்கு நாலு கிழமை தனியாக ஒதுக்குங்கள். ஒரு நாளைக்கு இரண்டு எழுத்து, ஒவ்வொன்றுக்கும் பிள்ளை கண்ணால் காணும் ஒரு சொல்: குடை, சுவர், துவாய், முட்டை. சொல்வதெழுதலில் ர, ற, ல, ள பிறகு வரட்டும். வெளிநாட்டில் தமிழ் வகுப்புக்குப் போன பிள்ளையிடம் இன்னொரு சிக்கல்: அங்கே 'டீச்சர்' என்று படித்தது, இங்கே 'ரீச்சர்'. இரண்டும் சரி என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

சேர்க்க முன் ஒரு வேலை நாளில் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். மண்டபத்தைக் காட்டுவார்கள், மலசலகூடத்தைக் காட்டச் சொல்லுங்கள். குந்தி இருக்கிற மலசலகூடம் பழக்கமில்லாத பிள்ளை காலையிலிருந்து அடக்கி வைத்துக்கொண்டு வயிற்றுவலியோடு வீட்டுக்கு வரும். வீட்டில் இரண்டு கிழமை முன்பே பழக்க வேண்டும். தண்ணீர்ப் போத்தல் வீட்டிலிருந்து போகட்டும். குடாநாட்டின் நிலத்தடி நீரில் நைத்திரேற்று கூடிய இடங்கள் உண்டு. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. சாதாரண வடிகட்டியாலும் போகாது. ஆர்.ஓ. (RO) முறையில் சுத்திகரித்த தண்ணீரே நல்லது. ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்குவது மாரி மழை முடிகிற கையோடு, டெங்கு கூடுகிற காலத்தில். நீளக் காற்சட்டைக்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள்.

தடுப்பூசி அட்டை முக்கியம். இலங்கையில் பிறந்தவுடன் காசநோய்க்குப் போடும் பீசீஜீயும், பிறகு போடும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியும் கனடா, இங்கிலாந்து அட்டைகளில் பெரும்பாலும் இராது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு முதலில் போய், பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போனால் அலைச்சல் குறையும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு, வம்சாவழிப் பிரசாவுரிமைப் பதிவையும் கையில் வைத்திருங்கள்.

காசுக் கணக்கில் ஏமாறுகிற இடம் தவணைக் கட்டணமல்ல. அதை மூன்றால் பெருக்கினால் தெரிந்துவிடும். அனுமதிக் கட்டணம், வசதிக் கட்டணம், வைப்புப் பணம் என்று தனித்தனியாக வருபவற்றில் எது திரும்பும், எத்தனை மாத முன்னறிவித்தலோடு திரும்பும் என்று எழுத்தில் வாங்குங்கள். நன்கொடைக்கும் பற்றுச்சீட்டு வேண்டும். வான் செலவு மாதம் மாதம். தரம் ஒன்றுக்குப் பள்ளிக்கூடம் மதியத்துக்கு முன்னமே விட்டுவிடும். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்காக வான் காத்து நின்றால் சின்னது வெயிலில் இருக்க வேண்டி வரும். வான்காரரிடம் இதை நேரில் கேட்க வேண்டும்.

இரண்டாம் தவணை முடிவில் எல்லாப் பெற்றோரும் ஒரே வசனம் சொல்வார்கள்: "இப்ப நல்லாப் பழகிட்டுது." வாசலில் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பும்போது அவர்களே கொஞ்சம் நின்றுவிடுவார்கள். மணிச்சத்தம், சுடுமண்ணில் முதல் மழைத்துளி விழுந்த வாசம், பழைய கலண்டர்த் தாளில் உறை போட்ட கொப்பிகள், ஜாம் போத்தல் விளக்கில் எழுதிய வீட்டுவேலை, 1995 இடப்பெயர்வில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தது. அந்த ஞாபகம் பிள்ளைக்கு இல்லை. பிள்ளையிடம் வேறொன்று இருக்கிறது.

கொப்பி, பென்சில் வாங்கும்போது பன்னிரண்டு நிறப் பஸ்ரல் பெட்டி ஒன்றும் வாங்குவீர்கள். இங்கே வருடக் கடைசியில் பார்த்தால் எல்லாப் பிள்ளைகளின் பெட்டியிலும் வெள்ளை அப்படியே புதிதாக இருக்கும். வெள்ளைத் தாளில் வெள்ளையால் என்ன கீறுவது? வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளையின் பெட்டியில் முதலில் தேய்ந்து முடிவது அதுதான். வகுப்பாசிரியருக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், "ஒன்றும் கீறாமல் இருக்கிறாய்" என்று பேசாமல் தாளை வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்க்கட்டும். பனைமரத்தடியெல்லாம் பனி கொட்டியிருக்கும்.