கம்பெனியின் விக்கிப்பீடியா பக்கத்தை 'சரி பண்ண' சொன்னார்கள்: நான் போன வழி

ஆங்கில விக்கிப்பீடியாவில் எங்கள் கம்பெனியைப் பற்றி ஒரு கட்டுரை ரொம்ப நாளாக இருக்கிறது. எங்கள் ஆட்கள் யாரும் ஆரம்பித்ததில்லை. தொடங்கிய ஆண்டு தப்பு, எப்போதோ ஓய்வு பெற்றுப் போனவர் இன்னும் நிர்வாக இயக்குநராக இருக்கிறார், மீதி இடத்தை எல்லாம் பழைய வேலைநிறுத்தம் ஒன்று அடைத்துக்கொண்டிருக்கிறது. கோவையில் இயந்திர பாகங்கள் செய்யும் நடுத்தரக் கம்பெனி, நான் அதில் செய்தித் தொடர்பு பார்க்கிறேன். புது எம்.டி. ஒருநாள் கூகிளில் தேடிப் பார்த்துவிட்டு, "இதைச் சரி பண்ணிடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டார். வேலைநிறுத்தப் பகுதியை மொத்தமாகத் தூக்கிவிட வேண்டும் என்பதும் அதில் சேர்த்தி.

நான் தமிழ் விக்கிப்பீடியாவில் பொழுதுபோக்காக எழுதுகிறவன், அதனால் 'தொகு' பொத்தானை அழுத்தி மாற்றிவிட்டு வரும் வேலை இல்லை இது என்று தெரியும். தன்னைப் பற்றி, தன் குடும்பத்தைப் பற்றி, சம்பளம் கொடுக்கும் இடத்தைப் பற்றி ஒருவரே எழுதுவதை நலமுரண் என்பார்கள். தடை என்று இல்லை, ஆனால் கட்டுரையில் நேராகக் கை வைக்காதே, கட்டுரையோடு சேர்ந்த விவாதப் பக்கமான பேச்சுப் பக்கத்தில் வந்து கேள் என்பதுதான் ஆங்கில விக்கியின் வழிகாட்டுதல். காசு சம்பந்தப்பட்டிருந்தால் இன்னும் கறார். 2014 ஜூனிலிருந்து விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் பயன்பாட்டு விதிகளிலேயே இருக்கிறது: பணம் பெற்று எழுதுகிறவர் முதலாளி யார், வாடிக்கையாளர் யார், தனக்கு என்ன தொடர்பு என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். கட்டுரைக்கென்று தனியாகக் காசு வாங்க வேண்டியதில்லை, வேலையின் பகுதியாகச் செய்தால் மாதச் சம்பளக்காரருக்கும் இதேதான்.

இதை ஆபீசில் புரியவைப்பதுதான் பெரிய பாடு. எல்லோரிடமும் ஒரு குறுக்குவழி இருந்தது. இன்டர்ன் பையனை விட்டுச் செய்யச் சொல்லலாமே என்றார் ஒருவர். ஆங்கில விக்கியில் சம்பளம் வாங்காத இன்டர்னும் ஊழியர் கணக்கில்தான் வருவார். வீட்டிலிருந்து லாகின் பண்ணாமல் மாற்றிவிடலாமே என்றார் இன்னொருவர். அவருக்கு 2007இல் வந்த விக்கிஸ்கேனர் கதையைச் சொன்னேன். பெயரில்லாமல் செய்த திருத்தங்களின் ஐபி முகவரி எந்த நிறுவனத்துடையது என்று பொருத்திக் காட்டும் கருவி அது, விர்ஜில் கிரிஃபித் என்ற அமெரிக்க மாணவர் செய்தது. சி.ஐ.ஏ., வாட்டிகன் வலையமைப்புகளிலிருந்து நடந்த திருத்தங்கள்கூட அதில் வெளியே வந்து செய்தியாயின. வீட்டு இணைப்பு அதில் சிக்காது, உண்மைதான். ஆனால் நேற்று வந்த ஆள் எங்கள் எம்.டி. பெயரையும் மாற்றி, வேலைநிறுத்தத்தையும் அழித்தால் யார் என்று கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவையில்லை.

வெளி ஏஜென்சிக்குக் காசு கொடுத்து எழுதவைக்கலாம் என்ற யோசனையும் வந்தது. விக்கி-பிஆர் என்ற அமெரிக்க நிறுவனம் ஏகப்பட்ட போலிக் கணக்குகள் வைத்து வாடிக்கையாளர்களுக்கு எழுதிக்கொண்டிருந்தது, 2013இல் ஆங்கில விக்கிச் சமூகம் அதற்கு மொத்தமாகத் தடை போட்டது. காசு கொடுத்தவர்களின் பக்கங்களும் தப்பவில்லை.

எம்.டி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நம்ம கதையை நாம எழுதக் கூடாதுன்னா, வேற யாருங்க எழுதுவாங்க?" என்றார். நியாயமான கேள்விதான். விக்கிப்பீடியாவை நிறுவியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸே 2005இல் தன்னைப் பற்றிய கட்டுரையில் கை வைத்து, லாரி சாங்கர் இணை நிறுவனர் என்று வரும் இடங்களை மாற்றி, அது செய்தியாகி, கடைசியில் அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று சொல்ல வேண்டி வந்தது. இதைச் சொன்னதும் கொஞ்சம் அமைதியானார். நூறு விதியைக் காட்டுவதைவிட இது வேலை செய்தது.

சரி, செய்த வேலைக்கு வருகிறேன். என் பழைய கணக்கை இதற்குத் தொடவில்லை. ஆபீஸ் வேலைக்கென்று தனிக்கணக்கு திறந்து, இரண்டு பயனர் பக்கங்களிலும் மற்றதைக் குறிப்பிட்டுவிட்டேன். சொல்லாமல் இரண்டு வைத்தால் ஒரே ஆள் பல பேர் மாதிரி நடிக்கும் கைப்பாவைக் கணக்கு என்ற சந்தேகம் வரும். கம்பெனி பெயரை மட்டும் பயனர் பெயராக வைத்தால் முடக்கிவிடுவார்கள், ஒரு கணக்கு ஒரு மனிதருக்குத்தான். ஆள் பெயரும் கம்பெனி பெயரும் சேர்ந்து வந்தால் பிரச்சினை இல்லை. பயனர் பக்கத்தில் பணம் பெறும் பங்களிப்பாளருக்கான வார்ப்புருவை, அதாவது ஆயத்த அறிவிப்புப் பெட்டியைப் போட்டேன். கட்டுரையின் பேச்சுப் பக்கத்திலும் இன்னார் இந்தக் கம்பெனியின் ஊழியர் என்று காட்டும் வார்ப்புரு ஒன்று உண்டு, அதையும் போட்டேன்.

அப்புறம் கோரிக்கை. 'எடிட் சிஓஐ' என்ற வார்ப்புருவோடு பேச்சுப் பக்கத்தில் எழுதினால், அது நலமுரண் கோரிக்கைகளின் வரிசையில் போய் நிற்கும். நேரம் இருக்கும் தன்னார்வலர் யாராவது எடுத்துப் பார்ப்பார். எத்தனை நாள் ஆகும் என்று யாரும் வாக்குக் கொடுப்பதில்லை, மாதக்கணக்கில் கிடப்பதும் உண்டு. கட்டுரை முழுவதையும் புதிதாக எழுதி, இதைப் போட்டுவிடுங்கள் என்று கேட்டால் எவரும் தொடமாட்டார். இந்த வரியை எடுத்துவிட்டு இந்த வரியைப் போடுங்கள், காரணம் இது, ஆதாரம் இது என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் நகரும். எம்.டி. பெயர் மாற்றம் அப்படித்தான் சண்டை சச்சரவு இல்லாமல் முடிந்தது. சர்ச்சையில்லாத இந்த மாதிரித் தகவலுக்குக் கம்பெனி இணையதளமே போதும்.

தொடங்கிய ஆண்டு அவ்வளவு சுலபமாக இல்லை. கட்டுரையில் இருந்த ஆண்டுக்கு ஒரு நாளிதழ்ச் செய்தி ஆதாரமாக இருந்தது. நாங்கள் சொல்லும் ஆண்டு கூட்டு நிறுவனமாகத் தொடங்கியது, நாளிதழ் சொன்னது பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவு செய்தது. இரண்டும் உண்மை, தொடக்கம் என்று ஒன்றைப் போட்டதுதான் தப்பு. கோரிக்கையைப் பார்த்தவர் பழைய ஆண்டுக்கு வெளி ஆதாரம் கேட்டார். தொழில் சங்கம் ஒன்று அந்தக் காலத்தில் அச்சிட்ட உறுப்பினர் கையேட்டைத் தேடி எடுத்தோம். இப்போது இரண்டு ஆண்டும், எது எதற்கு என்ற விளக்கத்தோடு இருக்கின்றன.

ஆதாரம் என்றதும் எங்கள் ஆபீசில் ஒரு தடித்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எல்லாம் பத்திரிகையில் வந்தவை. பிரித்துப் பார்த்தால் சிறப்பு மலர்க் கட்டுரைகள், நாங்கள் அனுப்பிய செய்திக்குறிப்பை வரிக்கு வரி போட்டவை, எம்.டி. பேட்டிகள், விளம்பரம் கொடுத்ததற்காக வந்த அரைப்பக்கங்கள். விக்கிக்குத் தேவை கம்பெனியோடு சம்பந்தமில்லாத ஒருவர் தானாக எழுதியது. இந்திய நாளிதழ்களில் செய்தி மாதிரியே வரும் கட்டணச் செய்திகள் குறித்து ஆங்கில விக்கியில் தனியாக ஒரு எச்சரிக்கையே எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவர் பெயர் இல்லாமல், இரண்டு நாளிதழில் ஒரே வாக்கியம் வந்திருந்தால் அங்கே இருப்பவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள். சல்லடை போட்டபின் ஃபைலில் மிஞ்சியது ரொம்பக் கொஞ்சம், அதில் பாதி வேலைநிறுத்தச் செய்திகள்!

அந்தப் பகுதியை நீக்கச் சொல்லி நான் கேட்கவே இல்லை. நடந்த விஷயம், அப்போதைய செய்தித்தாள்களில் இருக்கிறது, கம்பெனிக்குப் பிடிக்கவில்லை என்பது காரணமே ஆகாது. மூன்று விஷயம் கேட்டேன். வேலைநிறுத்தம் எப்படி ஆரம்பித்தது என்று விரிவாக எழுதியவர்கள் எப்படி முடிந்தது என்று எழுதவில்லை. தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவின்படி சமரச ஒப்பந்தம் போட்டு முடிந்தது, அதுவும் நாளிதழில் வந்திருந்தது, அதைச் சேர்க்கக் கேட்டேன். அடிதடி நடந்ததாக ஆதாரமே இல்லாமல் ஒரு வரி இருந்தது, அதை எடுக்கக் கேட்டேன். கடைசியாக, ஒரு கம்பெனியின் பல ஆண்டு வரலாற்றில் இந்த ஒரு சம்பவத்துக்கு இவ்வளவு இடம் பொருத்தமா என்று பார்க்கச் சொன்னேன்.

முதல் இரண்டும் ஏற்கப்பட்டன. மூன்றாவதுக்கு ஒருவர் கடுமையாகவே மறுத்து எழுதினார்: இடம் அதிகமாகத் தெரிவதற்குக் காரணம் மற்ற பகுதிகளுக்கு நல்ல ஆதாரம் இல்லாததுதான், இதைச் சுருக்குவது தீர்வில்லை. முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் ஃபைலைப் பார்த்தவன் என்ற முறையில் நானே பதில் சொல்ல முடியவில்லை. பகுதியும் தலைப்பும் அப்படியே நிற்கின்றன. எம்.டி.க்கு முழுத் திருப்தி இல்லை, ஆனால் ஒப்பந்தம் பற்றிய வரியை இரண்டு முறை படித்தார். தொழிற்சங்கத்துக்காரர் ஒருவரும் அதைப் பார்த்துவிட்டு, முடிந்த கதையும் இருப்பது நல்லதுதான் என்றார்.

படம் சேர்க்கும் வேலை பாதியில் நிற்கிறது. ஆலைப் படம் ஒன்றை விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்து வைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்ற நினைத்தோம். எடுத்தவர் எங்கள் புகைப்படக்காரர் என்பதால் கம்பெனி தரப்பிலிருந்து அனுமதி மின்னஞ்சல் அனுப்ப வேண்டும், அங்கே படம் ஏற்றக் கொடுக்க வேண்டிய திறந்த உரிமத்தின்படி யார் வேண்டுமானாலும் வியாபாரத்துக்கும்கூடப் பயன்படுத்தலாம். "போட்டிக் கம்பெனிக்காரனுமா?" என்று கேட்டார் எம்.டி. ஆமாம் என்றேன். யோசித்துக்கொண்டிருக்கிறார்.

தமிழிலும் ஒரு கட்டுரை வேண்டும் என்கிறார்கள். பணம் பெற்று எழுதினால் அறிவிக்க வேண்டும் என்ற விதி தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் உண்டு. அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் இருப்பதால் யாரையாவது தனியாகக் கூப்பிட்டு எழுதச் சொல்லலாம் என்று ஒரு எண்ணம் ஆபீசில் ஓடியது. அது இன்னும் மோசம், முடியாது என்று சொல்லிவிட்டேன். வேண்டுமானால் தமிழ் விக்கியின் பொது விவாதப் பக்கமான ஆலமரத்தடியில் எல்லோருக்கும் தெரிய, ஊழியன் என்று சொல்லியே ஆதாரங்களை வைக்கிறேன், யாருக்காவது எழுதத் தோன்றினால் எழுதட்டும்.

இன்னொன்று. பேச்சுப் பக்கத்தில் கம்பெனி பெயரோடு நாம் எழுதுவதை எல்லோரும் பார்க்கிறார்கள். எங்கள் பொது முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது: நான் விக்கிப்பீடியா நிருவாகி, பணம் கட்டினால் சர்ச்சைப் பகுதியை நீக்கித் தருகிறேன் என்று. 2015இல் ஆரஞ்ச்மூடி என்ற பெயரில் வெளிவந்த மோசடியும் இதே பாணிதான், ஏற்கப்படாத கட்டுரைகளின் சொந்தக்காரர்களைத் தேடிப் பிடித்துக் காசு கேட்டார்கள், அப்போது 381 கணக்குகளை முடக்கினார்கள். கட்டுரையை வெளியிடவோ காப்பாற்றவோ உண்மையான நிருவாகி யாரும் பணம் கேட்கமாட்டார். இப்படி ஏதாவது வந்தால் பதில் போடாதீர்கள், அக்கவுண்ட்ஸ் பிரிவிலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.