அம்மா பொறுக்கிய பாசிகள்

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். கடலூரிலிருந்து பஸ். அம்மா பிறந்தது அரியாங்குப்பத்தை ஒட்டிய காக்காயன்தோப்பு. ஆனாலும் அறுபத்தொன்பது வயதில் இதுதான் முதல் தடவை. "அதெல்லாம் வெள்ளைக்காரன் வீதிடா, நமக்கென்ன வேலை" என்று அந்தப் பக்கமே போனதில்லையாம்.

பாரதி பூங்காவுக்கு எதிரே, சேன் லூயி வீதியில், பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டடம். அம்மா மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்ததால் அட்டைகளையெல்லாம் நான்தான் படித்துச் சொன்னேன்.

பிரெஞ்சு கவர்னராக இருந்த டூப்ளே படுத்த கட்டில் என்று ஒன்று. அவர் ஊரை விட்டுப் போனது 1754இல். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கட்டில் மட்டும் எப்படித் தப்பித்ததோ! (1758இல் பிரெஞ்சுக்காரர் எங்கள் தேவனாம்பட்டினம் கோட்டையை இடித்தவர்கள். கடலூர்க்காரனான எனக்கு ரொம்ப வருத்தம் வரவில்லை.)

அப்புறம் பூஸ்பூஸ் வண்டி. பிரெஞ்சில் 'பூஸ்' என்றால் தள்ளு. உட்காருகிறவர் கையில் வண்டியைத் திருப்புகிற பிடி. பின்னாலிருந்து ஓர் ஆள் தள்ளிக்கொண்டே ஓட வேண்டும். "வழியை இவன் பாப்பான், மூச்சு அவனுக்கு வாங்குமா?" என்றாள் அம்மா. சோழர் காலச் செப்புத் திருமேனிகளைக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தாள்.

அம்மாவின் ஊர்ப் பக்கத்து அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த பழம்பொருள்களிடம் வந்ததும் நின்றுவிட்டாள். 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் தோண்டிய இடம், ரோமானியர் காலத்து மது ஜாடி உடைசல்கள் என்று நான் படித்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்கவே இல்லை. கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்திருந்தாள். உள்ளே, கடுகைவிடக் கொஞ்சம் பெரிசாக மணிகள், நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டை.

"டேய், இது எங்க ஊர்ப் பாசி."

மழை விட்ட மறுநாள் ஆற்றங்கரையில் மண் கரைந்து மேலே கிடக்குமாம். பாவாடை மடியில் பொறுக்கி, பொம்மைக்குக் கோத்துப் போடுவார்களாம். 1937இல் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியருக்கு, தலை செதுக்கிய கல் ஒன்று கிடைத்ததும் அந்த ஊர்ப் பிள்ளைகளிடம்தான். அந்த முகம் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்று அவர் நினைத்தார். இதைச் சொன்னதும், "குடுத்தது எங்க பெரியப்பாவா இருக்கும். காசு குடுத்தா எதையும் வித்துடுவாரு" என்றாள்.

திரும்பும்போது பஸ் அரியாங்குப்பம் பாலம் ஏறியதும் மாமாவுக்குப் போன் போட்டாள்.

"பாசி போட்டு வெச்சிருந்தேனே, அந்தக் குட்டிக்கூரா பவுடர் டப்பா எங்கடா?"

எந்த டப்பா என்று மாமா கேட்டது பக்கத்து சீட்டு வரைக்கும் கேட்டது.