லினக்ஸ் லேப்டாப்பில் சத்தம் வரவில்லையா? முதலில் ஏபிளே கொடுத்துப் பாருங்கள்

சத்தம் வரவில்லை என்றதும் பெரும்பாலானோர் இணையத்தில் கண்ணில் படும் முதல் கட்டளையை அப்படியே டெர்மினலில் ஒட்டுகிறார்கள். அது பலிக்காவிட்டால் அடுத்தது, அதுவும் போனால் இன்னொன்று. ஐந்தாவது கட்டளைக்குள் ஒலியை நிர்வகிக்கும் பல்ஸ்ஆடியோ நிரலை அழித்துத் திரும்ப நிறுவியிருப்பார்கள். டிரைவர் அமைப்புகள் இருக்கும் /எடிசி/மோட்புரோப்.டி ஃபோல்டரில் ஒன்றுக்கொன்று முரணான மூன்று வரிகள் சேர்ந்திருக்கும். அதன் பிறகு முதலில் இருந்த கோளாறு எது, பிறகு வந்து சேர்ந்தது எது என்று பிரித்தெடுப்பது பெரும்பாடு. எதையும் நிறுவும் முன்பும் அழிக்கும் முன்பும், கோளாறு எந்த அடுக்கில் இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

அடுக்குகள் மூன்று. அடியில் சிப்: ஒரு கன்ட்ரோலரும், அதோடு இணைந்த கோடெக்கும் (எண்களை ஒலியாக மாற்றும் சிப், பல லேப்டாப்புகளில் ரியல்டெக் ஏஎல்சி வரிசை). அதன் மேல், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இருக்கும் ஆல்சா என்ற ஒலி டிரைவர். அதற்கும் மேல், நீங்கள் லாகின் செய்ததும் உங்கள் பெயரிலேயே ஓடத் தொடங்கும் சவுண்ட் சர்வர், அதாவது எல்லா நிரல்களின் ஒலியையும் வாங்கி கார்டுக்கு அனுப்பும் நிரல். முன்பு அது பல்ஸ்ஆடியோ. ஃபெடோரா 34 (2021), உபுண்டு 22.10 தொடங்கி அந்த இடத்தில் பைப்வயர் இருக்கிறது. அதன் போக்கைத் தீர்மானிக்கும் துணை நிரல் வயர்பிளம்பர். பிரவுசரோ விஎல்சியோ நேரடியாக சிப்போடு பேசுவதில்லை. சத்தம் இந்த மூன்றையும் கடந்துதான் ஸ்பீக்கருக்குப் போகிறது.

கட்டளைகளைக் கீழே ஒலிக்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும்.

முதல் கட்டளை: ஏபிளே -எல். கெர்னலுக்குத் தெரிந்த சவுண்ட் கார்டுகளை இது பட்டியலிடும். பட்டியலில் லேப்டாப்பின் கார்டு வந்தால் டிரைவர் வேலை செய்கிறது. கோளாறு பெரும்பாலும் மேலே, மிக்சரிலோ (ஒலி அளவுப் பட்டைகள்) பைப்வயரிலோ இருக்கிறது. 'நோ சவுண்ட்கார்ட்ஸ் ஃபவுண்ட்' என்று வந்தால் கோளாறு கீழே. மேலே என்ன நிறுவினாலும் பயன் இல்லை. செட்டிங்ஸில் 'டம்மி அவுட்புட்' என்று மட்டும் தெரிகிறதே, அது பைப்வயருக்கு ஒட்டிக்கொள்ள உண்மையான கார்டு எதுவும் கிடைக்கவில்லை என்பதன் அடையாளம். கார்டே இல்லாமலும் அப்படி வரும். கார்டு இருந்து அதன் ப்ரொஃபைல் (கார்டை எப்படிப் பயன்படுத்துவது என்ற அமைப்பு) 'ஆஃப்' ஆகியிருந்தாலும் வரும். டம்மி அவுட்புட்டைப் பார்த்தவுடன் முடிவுக்கு வராமல் ஏபிளேயைக் கேட்கச் சொல்வது அதனால்தான்.

ஏஎம்டி லேப்டாப்பில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அதில் எச்டிஎம்ஐக்கு ஒரு கன்ட்ரோலர், ஸ்பீக்கருக்கு வேறு கன்ட்ரோலர். பட்டியலில் எச்டிஎம்ஐ மட்டும் இருந்தால் கார்டு கிடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். இரண்டையும் நடத்தும் டிரைவரின் பெயரில் பெரும்பாலும் 'இன்டெல்' இருக்கும். அதைப் பார்த்துக் குழம்பவும் வேண்டாம், அதுவே சரியான டிரைவர்.

கார்டே தெரியவில்லை என்றால்

சூடோ டிஎம்இஎஸ்ஜி கொடுத்து (சூடோ என்றால் நிர்வாகி அனுமதியோடு இயக்குவது, டிஎம்இஎஸ்ஜி கெர்னலின் செய்திகளைக் காட்டும்), வரும் வரிகளில் எஸ்ஓஎஃப், எஸ்என்டி, எச்டிஏ என்ற எழுத்துகளைத் தேடுங்கள். கடந்த சில ஆண்டுகளில் வந்த இன்டெல் லேப்டாப்புகளில் அடிக்கடி தென்படும் வரி இது: 'இன்டெல்/எஸ்ஓஎஃப்/எஸ்ஓஎஃப்-டிஜிஎல்.ஆர்ஐ' என்ற ஃபைலின் பெயர், அதன் கடைசியில் 'ஃபெய்ல்டு வித் எரர் -2'. மைனஸ் இரண்டு என்றால் அந்தப் பெயரில் ஃபைலே இல்லை என்று பொருள். டிஜிஎல் என்பது டைகர் லேக், அதாவது 11ஆம் தலைமுறை இன்டெல் கோர். உங்கள் சிப்புக்கு ஏற்ப அந்த மூன்றெழுத்து மாறும்.

காரணம் இதுதான். இந்த லேப்டாப்புகளில் மூடியில் இருக்கும் டிஜிட்டல் மைக், சிப்புக்குள் இருக்கும் டிஎஸ்பியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. டிஎஸ்பி என்பது ஒலிக்கென்று இருக்கும் ஒரு குட்டிக் கணினி மாதிரி. பூட் ஆகும்போது அதற்குள் ஃபர்ம்வேரை (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்றினால்தான் அது கண் திறக்கும். ஃபர்ம்வேர் கிடைக்காவிட்டால் மைக்கோடு சேர்ந்து ஸ்பீக்கரும் போய்விடும்.

டெபியனிலும் புதிய உபுண்டுவிலும் வேண்டிய பேக்கேஜ் ஃபர்ம்வேர்-எஸ்ஓஎஃப்-சைன்டு, ஃபெடோராவில் ஆல்சா-எஸ்ஓஎஃப்-ஃபர்ம்வேர், ஆர்ச்சில் எஸ்ஓஎஃப்-ஃபர்ம்வேர். டெபியன்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023 ஜூனில் வந்த டெபியன் 12, ஃபர்ம்வேருக்கென்று 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்ற தனிப் பிரிவை உண்டாக்கியது. புதிதாக நிறுவியவர்களுக்கு அது தானாக வந்துவிடும். டெபியன் 11இலிருந்து மேம்படுத்தியவர்களின் /எடிசி/ஏபிடி/சோர்சஸ்.லிஸ்ட் ஃபைலில் பழைய 'நான்-ஃப்ரீ' மட்டுமே இருக்கும். வரியின் கடைசியில் புதிய சொல்லைச் சேர்த்து, ஏபிடி அப்டேட் கொடுத்த பிறகே பேக்கேஜ் கண்ணுக்குத் தெரியும். நிறுவியதும் ரீஸ்டார்ட் கட்டாயம்.

இதே இடத்தில் பலரும் தரும் குறுக்குவழி ஒன்று உண்டு: மோட்புரோப்.டி ஃபோல்டரில் ஒரு ஃபைல் திறந்து 'ஆப்ஷன்ஸ் எஸ்என்டி-இன்டெல்-டிஎஸ்பிசிஎஃப்ஜி டிஎஸ்பி_டிரைவர்=1' என்று எழுதுவது. இது டிஎஸ்பியை ஒதுக்கிவிட்டுப் பழைய எச்டிஏ டிரைவரை ஏற்றும். பல லேப்டாப்புகளில் ஸ்பீக்கர் பேசிவிடும், ஆனால் டிஜிட்டல் மைக் போய்விடும். சத்தம் வந்த மகிழ்ச்சியில் வரியை மறந்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து வீடியோ காலில் தன் குரல் யாருக்கும் கேட்கவில்லை என்று தவிப்பவர்கள் நிறைய. சவுண்ட்வயர் என்ற இணைப்பு முறையில் கோடெக் இணைத்த புதிய லேப்டாப்புகளில் இந்த வரியால் ஸ்பீக்கரும் வராது. அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஃபர்ம்வேரைச் சரிசெய்ததும் வரியை நீக்கிவிடுங்கள்.

நேற்று வரை பாடிக்கொண்டிருந்த லேப்டாப் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு ஊமையாகிவிட்டதா? லேப்டாப் தொடங்கும்போது வரும் க்ரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய், முந்தைய கெர்னலில் பூட் செய்து பாருங்கள். அதில் சத்தம் வந்தால் கோளாறு கெர்னலில் என்பது உறுதி. வேறெதையும் தொட வேண்டியதில்லை. அடுத்த அப்டேட் வரும்வரை பழையதிலேயே ஓட்டலாம்.

ஹெட்போனில் வருகிறது, ஸ்பீக்கரில் இல்லை

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு மூன்று வேறு வேறு காரணங்கள் உண்டு.

ஒன்று ஆட்டோ-மியூட். ஜாக்கில் பின் செருகியதும் ஸ்பீக்கரை அணைக்கும் வசதி இது. ஜாக்கின் உள்ளே பஞ்சோ தூசியோ அடைத்திருந்தால், எதுவும் செருகாமலே ஹெட்போன் இருப்பதாக கோடெக் நினைத்துக்கொள்ளும். பேவுகன்ட்ரோல் (ஒலி அமைப்புகளைக் காட்டும் நிரல்) திறந்து அவுட்புட் டிவைசஸ் பக்கத்தில் பாருங்கள்: ஒன்றும் செருகாதபோதும் ஹெட்போன் பக்கத்தில் 'பிளக்டு இன்' என்று இருந்தால் ஜாக்தான் குற்றவாளி. பின்னை ஏழெட்டு முறை செருகி எடுத்து, காற்றால் ஊதிப் பாருங்கள். அப்படியும் போகவில்லை என்றால் ஆல்சாமிக்சரில் (அடுத்த பகுதியில் விளக்கியிருக்கிறேன்) ஆட்டோ-மியூட் மோடை 'டிசேபிள்டு' ஆக்கி ஸ்பீக்கரை மீட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது, மிக்சரில் ஸ்பீக்கர் சேனல் மட்டும் மியூட் ஆகியிருப்பது. மூன்றாவதுதான் சிக்கலானது. புதிய லேப்டாப்புகள் பலவற்றில் ஸ்பீக்கருக்கென்று தனி ஆம்ப்ளிஃபயர் சிப் இருக்கிறது. சிரஸ் லாஜிக்கின் சிஎஸ்35எல்41 அப்படிப்பட்ட ஒன்று. ஹெட்போன் நேராக கோடெக்கிலிருந்து வருவதால் பழுதில்லாமல் பாடும். ஸ்பீக்கருக்கோ அந்த ஆம்ப் விழித்தால்தான் ஒலி. ஆம்ப்புக்கு டிரைவர் வேண்டும், ஃபர்ம்வேர் வேண்டும், லேப்டாப் மாடலை அடையாளம் காட்டும் குறிப்பும் கெர்னலில் வேண்டும். இதற்கு மிக்சரில் மணிக்கணக்காக உட்கார்ந்து பயனில்லை. யூநேம் -ஆர் கொடுத்து கெர்னல் எண்ணைப் பாருங்கள். எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) உபுண்டு என்றால், புதிய வன்பொருளுக்காக வரும் எச்டபிள்யூஇ கெர்னலுக்கு மாறுங்கள். லினக்ஸ்-ஃபர்ம்வேர் பேக்கேஜையும் புதுப்பியுங்கள். லேப்டாப் புதியது, கெர்னல் பழையது என்ற பொருத்தமின்மையே இங்கே பெரும்பாலும் காரணம்.

கார்டு இருக்கிறது, எதிலுமே சத்தம் இல்லை

ஆல்சாமிக்சர் கொடுங்கள். திறந்ததும் 'மாஸ்டர்' என்ற ஒற்றைப் பட்டை மட்டும் தெரிந்தால் அது சவுண்ட் சர்வரின் பட்டை, சிப்பின் பட்டை இல்லை. பலர் இதை முழுக்க ஏற்றி வைத்துவிட்டு எல்லாம் சரியாக இருப்பதாக நம்பிவிடுகிறார்கள். எஃப்6 அழுத்தி, எச்டிஏ இன்டெல் பிசிஎச் அல்லது எஸ்ஓஎஃப்-எச்டிஏ-டிஎஸ்பி போன்ற உண்மையான கார்டைத் தேர்ந்தெடுங்கள். இப்போது மாஸ்டர், ஹெட்போன், ஸ்பீக்கர், பிசிஎம் என்று வரிசையாகப் பட்டைகள் வரும். பட்டையின் அடியில் 'எம்எம்' என்றிருந்தால் மியூட். '00' என்றிருந்தால் திறந்திருக்கிறது. அம்புக்குறியால் நகர்ந்து எம் எழுத்தை அழுத்தினால் மாறும். மாஸ்டர் திறந்து ஸ்பீக்கர் மூடியிருப்பதும், திறந்திருந்தாலும் அளவு சுழியத்தில் கிடப்பதும் அடிக்கடி நடக்கும். சரிசெய்த பின் சூடோ ஆல்சாசிடிஎல் ஸ்டோர் கொடுத்தால் அடுத்த பூட்டிலும் நிலைக்கும்.

அடுத்து பைப்வயரை ஒதுக்கிவிட்டு நேராகச் சோதியுங்கள்: ஏபிளே -டி (பெரிய டி) பிளக்ஹெச்டபிள்யூ:0,0 என்று எழுதி, அதோடு /யூஎஸ்ஆர்/ஷேர்/சவுண்ட்ஸ்/ஆல்சா/ ஃபோல்டரில் இருக்கும் ஃப்ரண்ட்_சென்டர்.டபிள்யூஏவி (எஃப், சி இரண்டும் பெரிய எழுத்து) ஃபைலின் முழுப் பாதையைச் சேருங்கள். முதல் எண் கார்டு, இரண்டாவது டிவைஸ். ஏபிளே -எல் காட்டியபடி மாற்றிக்கொள்ளுங்கள். 'டிவைஸ் பிஸி' என்று வந்தால் பிரவுசரை மூடி, பத்து விநாடி பொறுத்து மறுபடி கொடுங்கள். ஒலி ஓடாதபோது பைப்வயர் கார்டை விட்டுவிடும். இப்போது ஒரு பெண் குரல் கேட்டால் சிப்பும் டிரைவரும் நலம். கோளாறு பைப்வயரில்தான்.

டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ் கொடுத்து 'சிங்க்ஸ்' என்ற பகுதியைப் பாருங்கள். நட்சத்திரக் குறி இருப்பதுதான் தற்போதைய வெளியீடு. அது எச்டிஎம்ஐ மேல் இருந்தால் சத்தமெல்லாம் மானிட்டருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வெளி மானிட்டரையோ டிவியையோ ஒருமுறை இணைத்த லேப்டாப்பில் இது சாதாரணம். ஸ்பீக்கர் வரியின் முன்னால் இருக்கும் எண்ணை எடுத்து, டபிள்யூபிசிடிஎல் செட்-டிஃபால்ட் என்று எழுதி அந்த எண்ணைக் கொடுங்கள். ஸ்பீக்கர் அந்தப் பட்டியலிலேயே இல்லை என்றால், பேவுகன்ட்ரோலின் கான்ஃபிகரேஷன் பக்கத்தில் ப்ரொஃபைல் ஆஃப் ஆகியிருக்கிறதா பாருங்கள்.

அதுவும் சரி என்றால் ரீஸ்டார்ட்: சிஸ்டம்சிடிஎல் --யூசர் ரீஸ்டார்ட் வயர்பிளம்பர் பைப்வயர் பைப்வயர்-பல்ஸ். இதன் முன்னால் சூடோ போடக் கூடாது. இந்தச் சேவைகள் ரூட்டின் (நிர்வாகியின்) பெயரில் ஓடுவதில்லை, உங்கள் பெயரில் ஓடுகின்றன. சூடோ போட்டால் தேடுகிற இடமே தவறாகிவிடும். இன்னும் மசியவில்லை என்றால் வயர்பிளம்பரின் பழைய நினைவு கெட்டிருக்கலாம். ஹோமில் .லோக்கல்/ஸ்டேட்/வயர்பிளம்பர் என்ற ஃபோல்டருக்கு வேறு பெயர் வைத்துவிட்டு மறுபடி லாகின் ஆகுங்கள். அழிக்க வேண்டாம், பெயர் மாற்றினால் போதும்.

'ஆடியோ' குழுவில் யூசரைச் சேர்க்கச் சொல்லும் பழைய அறிவுரையைப் பின்பற்றாதீர்கள். இன்றைய டெஸ்க்டாப்புகளில் லாகின் ஆனவருக்கு கார்டின் அனுமதியை, சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தானே தருகிறது. குழுவில் சேர்ந்தால், ஒரே லேப்டாப்பை இருவர் யூசர் மாற்றிப் பயன்படுத்தும்போது ஒருவர் கார்டைப் பிடித்துக்கொள்ள, மற்றவருக்குச் சத்தம் வராமல் போகும்.

விண்டோஸும் சேர்ந்திருக்கும் லேப்டாப்பில், விண்டோஸிலிருந்து ரீஸ்டார்ட் செய்து லினக்ஸுக்கு வந்தால் மட்டும் சத்தம் போகிறதென்றால், விண்டோஸ் டிரைவர் கோடெக்கை ஏதோ ஒரு நிலையில் விட்டுப் போயிருக்கிறது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். ரீஸ்டார்ட் செய்யாமல் முழுக்க ஷட்டவுன் செய்து, பிறகு லினக்ஸில் பூட் செய்யுங்கள்.

எல்லாம் பார்த்தும் தீரவில்லை என்றால் பிழை அறிக்கை எழுத வேண்டியதுதான். ஆல்சா-இன்ஃபோ என்ற ஸ்கிரிப்ட் கோடெக், பின், மிக்சர், கெர்னல் விவரங்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் திரட்டித் தரும். --நோ-அப்லோட் சேர்த்தால் அது இணையத்துக்குப் போகாமல் உங்கள் லேப்டாப்பிலேயே இருக்கும். அதை இயக்கும் முன், மோட்புரோப்.டி ஃபோல்டரில் நீங்கள் சேர்த்த வரிகளையெல்லாம் நீக்கி ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அந்த வரிகள் உள்ளே கிடந்தால், டெவலப்பர் பார்ப்பது லேப்டாப்பின் கோளாறை அல்ல, அந்த வரிகளின் விளைவை.