மூன்றாம் நாள் வருகிற பெயர்

அமெரிக்க ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்த மறுநாளே படிவத்தோடு ஆள் வந்துவிடுகிறார்: என்ன பெயர்? லாவோஸ் மலைகளிலிருந்து வந்து குடியேறிய ஹ்மோங் இனத்துப் பாட்டிக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வரும். மூன்றாம் நாள் 'ஹூ ப்லீ' செய்து உயிரை வீட்டுக்குள் அழைப்பதற்கு முன் பெயராவது, ஒன்றாவது!

அதற்கு ஒரு சேவல், ஒரு பெட்டைக்கோழி, முட்டை, கிண்ணத்தில் அரிசி, ஊதுபத்தி வேண்டும். திறந்த வாசலில் நின்று அழைத்து, பிளந்த எருமைக் கொம்பின் இரு பாதிகளையும் தரையில் போட்டு உயிர் வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். வெந்த கோழியின் கால்விரல் மடங்கிய விதமும் சேதி சொல்லும். பிறகு மணிக்கட்டில் நூல். லாவோஸ் மலையில் சேவல் வாசலிலேயே மேய்ந்தது; அமெரிக்காவின் செயிண்ட் பால் நகரில் உயிர்க்கோழிக் கடை தேடிக் காரில் போகவேண்டும். பிள்ளை ஓயாமல் அழுதால், பெயர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மாற்றுவதும் உண்டு. பிறப்புச் சான்றிதழுக்கு அந்த இரக்கமெல்லாம் கிடையாது.

லாவோஸில் போர் முடிந்த 1975-க்குப் பின் தாய்லாந்து முகாம்கள் வழியாக வந்தவர்கள், பழகிவிட்டது என்றுதான் சொல்கிறார்கள். எழுத்துக்கூட்டலுக்கு வேண்டுமானால் பழகியிருக்கலாம். 1950-களில் லாவோஸில் உருவான ரோமன் எழுத்துமுறையில் சொல்லின் கடைசி மெய்யெழுத்து ஒலிக்காது. குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதற்கான குறி அது. பூவைக் குறிக்கும் 'பா' ஜே-யில் முடியும், பொன்னைக் குறிக்கும் 'கூ' பி-யில். பள்ளியில் 'பாஜ்', 'கப்' என்று வாசித்தால் பூவும் இல்லை, பொன்னும் இல்லை. அதனால் பலர் அந்த எழுத்தை வெட்டிவிட்டார்கள். ராகம் போயிற்று. (தமிழில் எழுதினாலும் அது வராது.)

தீராத வழக்கு 'ம்பே லாவ்', அதாவது மூத்த பெயர். கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்த ஆணுக்குப் பெண் வீட்டார் தரும் பெயர் இது. மாமனார் மாமியார் வந்தாக வேண்டும். அவர்கள் தொலைவில் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் இருந்தால் விமான டிக்கெட் மருமகன் தலையில். பன்றி அடித்து விருந்து, மறுபடி நூல் கட்டு. பழைய பெயருக்கு முன்னால் ஒரு சொல் சேரும்: 'தோங்' என்றால் செம்பு, 'ஞியா தோங்' ஆனால் வெள்ளியும் செம்பும். அதன்பின் இளையவர்கள் வெறும் 'தோங்' என்றால் மரியாதைக் குறைவு.

லைசென்ஸ், வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் பழைய பெயரிலேயே கிடக்கும். குடியுரிமை விண்ணப்பத்திலேயே மாற்றம் கேட்டு, நீதிபதி முன் உறுதிமொழி எடுக்கும்போது வாங்கிக்கொண்டால் தனிச் செலவில்லை. தவறவிட்டால் கோர்ட்டு மனு, கட்டணம், பிறகு ஒவ்வொரு அலுவலகமாக அலைச்சல். பெரும்பாலும் விருந்து முந்திக்கொள்ளாது, குடியுரிமைதான் முந்திக்கொள்கிறது.

கிளினிக்கில் நர்ஸ் கோப்பைப் பார்த்து 'டாங்' என்று மூன்று முறை கூப்பிடுகிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் ஞியா தோங் அசைவதில்லை. அந்தப் பெயரால் அவரைக் கூப்பிடக்கூடியவர்கள் மலையிலேயே தங்கிவிட்டார்கள்.